என்னாலதான்

“தத்துவம் படிச்சவளால ஒரு பல்பு மாட்ட முடியுமா?”

ரவி மாமா இப்படிக் கேட்டபோது கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவர் அம்மாவின் தம்பி. சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஒரு சின்ன ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறார். ஆணி, குழாய், பெயின்ட், பிளாஸ்டிக் வாளி, பல்பு எல்லாம் அங்கே கிடைக்கும். சனிக்கிழமைகளில் நான் கல்லாவில் உட்காருவேன். பல்கலைக்கழகத்தில் பொருளியலும் தத்துவமும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி ஆண்டு ஆய்வேட்டைத் தத்துவத்தில்தான் எழுதப்போகிறேன் என்று அன்று காலை அவரிடம் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த பதில் இது.

ஏணியை இழுத்துப் போட்டு ஏறி, கடையின் பின்பக்கம் பல நாளாக எரியாமல் கிடந்த பல்பைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் வெளிச்சம் வந்தது. குழாய் வாங்க வந்த சீன அங்கிள் ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

“பாத்தீங்களா மாமா?”

“பாத்தேன், பாத்தேன். இது உன் படிப்பால வந்த வெளிச்சம் இல்ல. ஏணியால வந்தது.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அம்மா தொடக்கப்பள்ளியோடு நின்றவர். மாமா உயர்நிலை இரண்டாம் ஆண்டில் புத்தகப்பையைத் தூக்கி எறிந்தவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்ட அப்பாவும் படிக்காதவர்தான். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அப்படிச் சொல்லமாட்டேன்.

அன்று மாமா வாயில் மூன்று முறை வந்துபோன அந்த ‘ஆல்’ என்ற குட்டி ஒட்டு, ஒரு மருத்துவமனைக் கட்டிலில் வந்து என்னைப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது டெங்கியிலிருந்து எழுந்து நடமாடுகிறேன். அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று எழுதினால், டெங்கி வந்தவர்களுக்கும் அவர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் பயன்படலாம். அதோடு ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சுவாரசியமான வாரம் வேறு வந்ததில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் காரணகாரியம் பற்றிய பாடம். ஒன்றுக்குப் பின் ஒன்று வந்துவிட்டால் முதலாவதால்தான் இரண்டாவது வந்தது என்று சொல்லிவிடலாமா என்று ஆசிரியர் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். எம்ஆர்டி ரயிலில் கதவு மூடுவதற்கு முன்னால் மணி ஒலிக்கிறது. ஒரு நாள்கூடத் தவறுவதில்லை. அதற்காக மணியால்தான் கதவு மூடுகிறது என்று சொல்ல முடியுமா? வேறு ஏதோ ஒன்றுதான் மணியையும் ஒலிக்கவைக்கிறது, கதவையும் மூடவைக்கிறது. நான் சொன்னதை ஆசிரியர் பலகையில் எழுதினார். பெருமையில் தலை கனத்தது. உண்மையிலேயே கனத்திருக்கிறது. மத்தியானத்துக்குள் கண்ணுக்குப் பின்னால் யாரோ விரலை வைத்து அழுத்துவதுபோல் வலி வந்துவிட்டது. வீட்டுக்குப் போவதற்குள் முதுகெலும்பு, முட்டி, மணிக்கட்டு என்று ஒவ்வொரு மூட்டும் தனித்தனியாக வலித்தது.

“ராத்திரி பூரா கண்ணு முழிச்சுப் படிக்கிற சூடு” என்று சொல்லி அம்மா உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்தார். கிளினிக் டாக்டர் பாராசிட்டமால் கொடுத்தார், காய்ச்சல் விடாவிட்டால் திரும்ப வரச் சொன்னார். காய்ச்சல் விடவில்லை. அப்போதும் நான் போகவில்லை. தள்ளிக்கொண்டு போனவள் ஃபரிதா, என் வகுப்புத் தோழி. நோட்ஸ் கொடுக்க குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஏய் வினோ, உன் புளோக்குக் கீழ டெங்கி எச்சரிக்கை பேனர் தொங்குது லா. நீ பாட்டுக்குப் படுத்திருக்க. ஆன்ட்டி, இவள முதல்ல கிளப்புங்க. ரத்தம் டெஸ்ட் பண்ணணும்.”

அவசரப் பிரிவில் காத்திருந்த நேரம்தான் எல்லாவற்றிலும் நீளமானது. ஏசி குளிரில் பல் கிட்டியது. திரையில் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன, எங்கள் எண் மட்டும் வரவில்லை. அம்மா பைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். போர்வை வந்தது, பிஸ்கட் வந்தது, கடைசியில் விபூதி வந்தது. ரத்தம் எடுத்த தாதியின் நெற்றியிலும் பூசிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

டெங்கிதான். டாக்டர் இளம்வயதுப் பெண். பொறுமையாகச் சொன்னார், நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். ரத்தத்தில் தட்டணுக்கள் என்று சின்னத் துணுக்குகள் இருக்கின்றன. எங்காவது காயம் பட்டால் ஓடிப்போய் அடைத்துக்கொள்வது அவற்றின் வேலை. டெங்கியில் அவை குறைந்துகொண்டே போகும். அதைவிட ஆபத்தான விஷயம், ரத்தக் குழாய்களின் சுவர் கசிய ஆரம்பிப்பது. அப்போது ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே ஒழுகும், ரத்தம் கெட்டியாகும். அந்த நீரை ஈடுகட்டத்தான் கையில் டிரிப். டெங்கிக் கிருமியைக் கொல்ல என்று தனி மருந்து கிடையாது. ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் கூடவே கூடாது, அவற்றால் ரத்தக்கசிவு அதிகமாகும்.

வார்டில் சேர்த்த மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அம்மா மேலே பார்த்துக் கும்பிட்டார். “அப்பாடா, விட்டுருச்சு.”

டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். “இனிமேல்தான் நாங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். டெங்கியில் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் கசிவு தொடங்கும். வயிறு வலித்தால், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், ஈறில் ரத்தம் வந்தால் உடனே பெல்லை அழுத்துங்கள்.”

எனக்குப் பயத்தோடு ஒரு சிலிர்ப்பும் வந்தது. காய்ச்சல் விட்டால் நோய் விட்டது என்று பிறந்ததிலிருந்து நம்பியிருக்கிறேன். ரயில் மணியைப் பற்றி வகுப்பில் அவ்வளவு பேசிய நான், என் உடம்புக்குள் ஒலித்த மணியை நம்பி ஏமாந்திருக்கிறேன்.

மறுநாள் காலை பல் தேய்த்தபோது நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. கண்ணாடியில் என் ஈறைப் பார்த்தேன். அந்த நேரத்தில் ஒரு தத்துவமும் நினைவுக்கு வரவில்லை. அம்மா வரவேண்டும், வந்து என் காலைப் பிடித்துவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது. சின்ன வயதிலிருந்து எனக்கு எந்த நோய் வந்தாலும் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவார். அதுதான் எங்கள் வீட்டு முதலுதவி.

சாயங்காலம் அம்மா வந்தார். நாற்காலியைத் தள்ளிப் போட்டு, சுவர் ஓரமாக உட்கார்ந்தார். காலைத் தொடவில்லை.

“என்னம்மா?”

“கொசு ஆபீசர்ங்க வந்தாங்க. டெங்கி வந்த வீடுன்னு நம்ம மாடி பூரா செக் பண்ணாங்க.”

“எப்பவும் வர்றதுதானே.”

“அவங்க கதவத் தட்டுறதுக்கு முன்னாடி நான் தட்டக் கவுத்துட்டேன்.”

“எந்தத் தட்டு?”

“கருவேப்பிலைத் தொட்டிக்கு அடியில இருக்கே, அது. தண்ணி நின்னுச்சு. எத்தன நாளா நின்னுச்சோ தெரியல. புழு இருந்துச்சா, இல்லையான்னு கூடப் பாக்கல. பயத்துல ஊத்திட்டேன்.” பேசும்போது என் கையில் இருந்த டிரிப் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். “செடியையும் பிடுங்கிப் போட்டுட்டேன். என்னாலதான் வினோ. எல்லாம் என்னாலதான்.”

அம்மா ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் சமைக்கிறார். ஊரார் பிள்ளைகளுக்குச் சோற்றில் ஒரு மிளகு அதிகமாகிவிட்டால்கூட வீட்டுக்கு வந்து வருத்தப்படுபவர். இந்தச் சொல்லை அவர் லேசில் இறக்கிவைக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் எனக்குத்தான் காரணகாரியம் தெரியுமே. விளக்கிவிடலாம் என்று உற்சாகமாக எழுந்து உட்கார்ந்தேன். நம்முடைய பழைய சைவ சாத்திரங்களில் ஒரு அழகான பாகுபாடு இருக்கிறது. ஒரு பானை உண்டாக மூன்று காரணங்கள் வேண்டும். மண் முதற்காரணம். சக்கரமும் கோலும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம்.

“பாருங்கம்மா, எனக்கு வந்த காய்ச்சல்தான் பானைன்னு வச்சுக்குங்க. கிருமி மண்ணு. கொசு சக்கரம். உங்க தட்டு அந்தச் சக்கரத்துல இருக்கற ஒரு சின்ன ஆணி. அவ்வளவுதான்.”

அம்மா கவனமாகக் கேட்டார்.

“அப்ப குயவன் யாரு?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மாவே தொடர்ந்தார்.

“மண்ணு தானா பானை ஆகுமா? தட்ட வச்சது யாரு? தண்ணி ஊத்துனது யாரு? நான்தானே.” சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். “நல்லா வெளக்கமாத்தான் சொன்ன.”

வகுப்பில் முதல் இடம் வாங்குகிற நான், என் முதல் மாணவியை முன்பு இருந்ததைவிட மோசமான நிலையில் வீட்டுக்கு அனுப்பினேன். நோயை என் உடம்பு பார்த்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ‘என்னாலதான்’ என்ற சொல்லை யார் பார்த்துக்கொள்வது? நான்தான் பார்த்தாக வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு கட்டிலில் படுத்திருந்ததாகவே எனக்கு நினைவில்லை. வேலை செய்துகொண்டிருந்த மாதிரிதான் இருக்கிறது.

மறுநாள் அம்மா ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. தேக்கா சந்தையில் பப்பாளி இலை வாங்கி இடித்துப் பிழிந்த சாறு. நல்ல கரும்பச்சை. தாதி மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு டாக்டரிடம் காட்டினார். “இதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை, கொஞ்சமாகக் குடித்தால் தடுக்கவும் மாட்டோம், ஆனால் எதைக் குடித்தாலும் எங்களிடம் சொல்லுங்கள்” என்றார் டாக்டர். குடித்தேன். அந்தக் கசப்பில் என் நாக்கு எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டது.

அதற்கு அடுத்த நாள் காலை ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் ஏறியிருந்தன. விழுந்துகொண்டே இருந்தவை முதல்முறையாக ஏறின.

அதன் பிறகுதான் கூத்து. மாமா போனில் அழைத்தார். “நேத்து சாயங்காலம் சிராங்கூன் ரோடு கோயில்ல உன் பேருக்கு அர்ச்சனை பண்ணேன். அதனாலதான் ஏறிச்சு. ஐயர் நட்சத்திரம் கேட்டாரு, தெரியல, சும்மா ரோகிணின்னு சொல்லிட்டேன்.” ஃபரிதா குறுஞ்செய்தி அனுப்பினாள். “உன்ன ரத்தம் பாக்கத் தள்ளிட்டுப் போனது யாரு? என்னாலதான் லா. சாப்பாடு வாங்கித் தரணும்.” அடுத்த கட்டிலில் இருந்த சீன ஆன்ட்டிக்கும் டெங்கிதான், அவருக்கும் அன்று எண்ணிக்கை ஏறியிருந்தது. மகன் கொண்டுவந்த நண்டு சூப்பால்தான் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் வந்ததும் கேட்டேன். “எதனால் ஏறியது?”

“பெரும்பாலும் உங்கள் உடம்பால். இந்தக் கட்டம் வந்தால் ஏறத்தான் செய்யும். சாறு கொஞ்சம் உதவியதா என்று கேட்டால், தெரியாது.”

“சாறு குடிக்காமல் இருந்திருந்தால்?”

டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “அதைத் தெரிந்துகொள்ள இன்னொரு வினோதினி வேண்டுமே. இதே கட்டில், இதே நாள், சாறு மட்டும் இல்லாமல்.”

அவர் போனபின் எனக்கு உடம்பெல்லாம் பரபரப்பு. சாறு குடித்த வினோ இங்கே இருக்கிறாள். சாறு குடிக்காத வினோ எங்கேயும் இல்லை. ஆனால் ‘சாற்றால்தான்’ என்று யாராவது சொன்னால், அவர் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டதாகத்தான் அர்த்தம். காரணம் என்று நாம் கைகாட்டும் இடத்தில் பாதி, நடக்கவே நடக்காத ஒரு உலகத்தில் இருக்கிறது. அதனால்தான் மருந்தைச் சோதிப்பவர்கள் ஒரு ஆளை நம்புவதில்லை. பல பேருக்கு மருந்தைக் கொடுத்து, பல பேருக்குக் கொடுக்காமல் விட்டு, இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இல்லாத வினோவுக்குப் பதிலாக ஒரு கூட்டம்.

அப்போதுதான் என் காதில் அது விழுந்தது. சாற்றால். குடிக்காவிட்டால். ‘ஆல்’, ‘ஆல்’.

உயர்நிலைப்பள்ளியில் நெட்டுருப் போட்ட ஐ, ஆல், கு, இன், அது, கண் எல்லாம் வரிசையாகத் திரும்பி வந்தன. மூன்றாம் வேற்றுமை உருபு ‘ஆல்’. சக்கரத்தால் வனைந்தான் என்றால் அது கருவி. குயவனால் வனையப்பட்டது என்றால் அதே ‘ஆல்’ செய்தவனைக் காட்டும். ‘வந்தால்’, ‘இருந்தால்’ என்று வினையின் வாலில் வரும் ‘ஆல்’ இலக்கணப்படி வேறு கணக்கு. ஆனாலும் காதுக்கு ஒன்றுதான். ‘என்னால் முடியும்’ என்று மார்தட்டும்போது வருவதும் அதுதான். கருவி, செய்தவர், நிபந்தனை, வல்லமை என்று நான்கு அறைகள், ஒரே கதவு. அம்மா அந்தக் கதவுக்குள் நுழைந்து தவறான அறையில் உட்கார்ந்துகொண்டார். நான் பானைக் கதை சொல்லி வெளியே தாழ்ப்பாளும் போட்டுவிட்டேன்.

டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன். தாதி வந்து திரும்பப் படுக்கவைத்தார்.

அம்மா வந்ததும் கேட்டேன். “ஏறினதுக்கு மாமா ‘என்னாலதான்’னு சொல்றாரு, ஃபரிதா சொல்றா. சாறு கொண்டுவந்தது நீங்க. நீங்க ஏன் சொல்லல?”

“அது அம்மன் பாத்துக்கிட்டா.”

“வந்ததுக்கு நீங்க, போனதுக்கு அம்மனா? இது என்ன நியாயம்?”

அம்மா காலிப் பாட்டிலை எடுத்துப் பையில் வைத்தார். நாற்காலி இன்னும் சுவர் ஓரமாகத்தான் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் மாமா வந்து நின்றார். கையில் ஒரு பை ஆரஞ்சு. சனிக்கிழமை மத்தியானத்தில் அவர் கடையைப் பூட்டியதை நான் பார்த்ததே இல்லை.

“என்னடா, கடை?” என்றார் அம்மா.

“அக்கா, ஒண்ணு சொல்லணும்.” அவர் உட்காரவில்லை. “கடைக்குப் பின்னாடி சந்துல வாளி அடுக்கி வச்சிருக்கேன்ல. மேல இருக்கறதுல மழைத்தண்ணி. காலைல பாத்தேன். புழு நெளியுது. இவ சாப்பாட்டு நேரத்துல அங்கதானே ஸ்டூலப் போட்டுப் படிச்சிட்டு உக்காந்திருப்பா.” ஆரஞ்சுப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். “உன் தட்டால இல்லக்கா. என்னாலதான்.”

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “உனக்கென்ன பைத்தியமா? வாரத்துல ஒரு நாள் உன் கடைக்கு வர்றவ. தினமும் இருக்கறது வீட்டுல. உன் வாளியாலன்னா உன்கிட்ட வேல செய்யற முருகேசுக்குல்ல மொதல்ல வந்திருக்கணும்? அவன் பாதி நேரம் அந்தச் சந்துலதான் சிகரெட் பிடிச்சிட்டு நிக்கிறான்.”

“அவன் தோலு கெட்டி, கொசு மூக்கு ஒடிஞ்சிரும்.”

“விளையாடாத. என் தட்டாலதான்.”

“உன் தட்டு எம்மாத்திரம்? வெயில் நேரா அடிக்கற இடம். காலைல ஊத்துனா சாயங்காலம் காஞ்சிரும். செடி வாடுது, வாடுதுன்னு நீதானே பொலம்புவ? என் வாளி நெழல்ல இருக்கு. கொசுவுக்கு எது பிடிக்கும்? என்னாலதான்.”

“நான் சொல்றேன்ல, என்னாலதான்.”

“எப்பப் பாத்தாலும் எல்லாம் உனக்கே வேணும். சின்ன வயசுலேருந்தே இப்படித்தான்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டிரிப் குழாய் குலுங்கியது. அடுத்த கட்டில் ஆன்ட்டி எட்டிப் பார்த்து எதற்குச் சண்டை என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு யாரால் காய்ச்சல் வந்தது என்று வாதாடுகிறார்கள், ஆளாளுக்குத் தன்னால்தான் என்கிறார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. “எங்கள் வீட்டில் எல்லாரும் ‘நான் இல்லை’ என்றுதான் சண்டை போடுவார்கள்” என்றார்.

அதை அம்மாவுக்கும் மாமாவுக்கும் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து, நாற்காலியை என் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு, போர்வையை விலக்கி, என் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார். என்ன செய்கிறோம் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. கை தன்னால் வந்தது.

தம்பியைக் காப்பாற்ற அம்மாவுக்கு எத்தனை நல்ல நல்ல நியாயங்கள் கிடைத்தன. அக்காவைக் காப்பாற்ற மாமாவுக்கும் அப்படித்தான். தன்னைப் பற்றி என்றால் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரு நியாயமும் கிடைக்கவில்லை. ஆனால் ஒருவர் வாதத்தை இன்னொருவர் வாதத்தின் மேல் வைத்துப் பார்த்தால் மீதி என்ன? தட்டிலிருந்தும் வந்திருக்கலாம், வாளியிலிருந்தும் வந்திருக்கலாம், இரண்டுமே இல்லாமல் பேருந்து நிறுத்தத்திலும் கடித்திருக்கலாம். எது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

“அம்மா, அன்னிக்குக் குயவன் யாருன்னு கேட்டீங்கல்ல? பதில் கிடைச்சிருச்சு.”

“மறுபடியும் பானையா?”

“குயவன் பானை வேணும்னு நெனச்சு வனையறான். எனக்குக் காய்ச்சல் வரணும்னு யாராவது நெனச்சீங்களா? மண்ணு இருந்துச்சு, சக்கரம் இருந்துச்சு, யாரோ ஒரு ஆணி அடிச்சாங்க. எல்லாம் இருந்துச்சு. இந்தப் பானைக்குக் குயவன் மட்டும் இல்ல. அன்னிக்கு அந்த இடத்துல யாரையாவது உக்கார வைக்கணும்னு நான் நெனச்சதுதான் தப்பு.”

அம்மாவின் கை நிற்கவில்லை. “அப்ப தட்டுல தண்ணி நின்னா பரவாயில்லங்கிறியா? நல்லா இருக்கு உன் படிப்பு.”

“அப்படிச் சொல்லலையே. தட்டக் கவுக்க உங்களால முடியும். வாளியக் கவுக்க மாமாவால முடியும். கவுத்தா கொசு கொறையும். அது உண்மை. ஆனா அந்த ‘ஆல்’ வேற, நீங்க அழுத ‘ஆல்’ வேற.”

“எழுத்து ஒண்ணுதானே.”

“எழுத்து ஒண்ணுதான். ஒண்ணு நடந்ததப் பாக்குது, இன்னொண்ணு நடக்கப்போறதப் பாக்குது.”

அம்மா அடுத்த காலுக்கு மாறினார். “இதையெல்லாம் பரீட்சைல எழுதுனா மார்க் போடுவாங்களா?”

“போடாட்டி நான் போய்க் கேக்கறேன்” என்றார் மாமா. ஒரு ஆரஞ்சை உரித்து, பாதியை என்னிடம் கொடுத்தார். கொஞ்சம் பொறுத்து, “வாளிய இன்னும் கவுக்கல. போறேன்” என்று கிளம்பினார்.

அம்மா முழுக்க ஒப்புக்கொண்டார் என்று நான் சொல்லமாட்டேன். மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னபோது, “என்னால…” என்று ஆரம்பித்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டார். அதுவே எனக்குப் பெரிய வெற்றி.

வீடு திரும்பியபின் கை கால் முழுக்கச் சிவந்து, நடுவே வெள்ளைத் திட்டுகளாக ஒரு தடிப்பு வந்தது. உள்ளங்கை அரிப்புத் தாங்கவில்லை. நோய் இறங்கும்போது இப்படி வருவது வழக்கம், பயப்பட வேண்டாம். கொஞ்ச காலம் முடி கொட்டும், படி ஏறினால் மூச்சு வாங்கும். அதுவும் சரியாகிவிடும். பில் வந்த அன்று மாமா அதை என் கண்ணில் காட்டாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எவ்வளவு என்று இன்றுவரை சொல்லவில்லை. அதே வாரம் தேக்காவிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கிவந்து எங்கள் வாசலில் வைத்தார். அடியில் தட்டு இல்லை. தண்ணீர் ஒழுகினால் தரையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா துடைக்கிறார்.

கடையிலும் ஒரு மாற்றம். இப்போது எல்லா வாளிகளும் தலைகீழாகத்தான் அடுக்கப்படுகின்றன. அன்று கட்டைவிரல் காட்டிய சீன அங்கிள் ஏன் இப்படி என்று கேட்டார். “என் அக்கா மகள் சொன்னாள், அவள் தத்துவம் படிக்கிறாள்” என்று மாமா ஆங்கிலத்தில் பதில் சொன்னதை நான் கல்லாவிலிருந்து கேட்டேன். ‘தத்துவம்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் அவர் தப்பாக உச்சரித்தார். நான் திருத்தவில்லை.

இதெல்லாம் ஆய்வேட்டுத் தலைப்பு கொடுக்கவேண்டிய நேரத்தில் நடந்தது. ஆய்வேட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆனால் என் தலைப்பின் நடுவே அந்த ‘ஆல்’ மட்டும் தமிழில் நிற்கும், அதற்கு ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இணை கிடையாது என்பதுதான் ஆய்வேடே. முதல் பத்தியில் ஒரு தட்டும் ஒரு வாளியும் வருகின்றன. போன வாரம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு அதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அம்மா கையிலிருந்த கறிவேப்பிலையை உருவியபடி கடைசிவரை கேட்டார்.

“இவ்வளவையும் உன்னால எழுத முடியுமா?”

அன்று மாமா பல்பைப் பற்றிக் கேட்ட மாதிரி அம்மா கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“தலைப்ப அனுப்பிட்டேம்மா” என்றேன். அவர் கேட்டு முடிப்பதற்குள் பொத்தானை அழுத்தியிருந்தேன்.